சோதித்துப் பார்க்க ஒரு கணினி வேண்டும்!

திறந்த மூல மென்பொருள் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது "இலவசம்". உலகின் ஏதோ ஒரு மூலையில் ஒருவர் ராத்திரி கண்விழித்து, சம்பளம் வாங்காமல் நிரல் எழுதுகிறார். சரி, எழுதியாகிவிட்டது. அது விண்டோஸில் ஓடுமா, மேக்கில் ஓடுமா, சோலாரிஸில் ஓடுமா என்று ஓட்டிப் பார்க்க வேண்டாமா? அதற்கு இத்தனை விதமான கணினிகள் எங்கிருந்து வந்தன? கரண்ட் பில் யார் கட்டியது? திறந்த மூலத்தின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத கணக்கு இது.

ஒரு கணினியில் ஒழுங்காக ஓடும் நிரல் இன்னொன்றில் ஏன் படுத்துவிடுகிறது என்று சந்தேகம் வரலாம். நாம் 5/6 என்று எழுதினால் ஜூன் 5. அமெரிக்கர் அதையே மே 6 என்று படிப்பார். செயலிகளும் அப்படித்தான். இன்டெல் செயலி ஓர் எண்ணின் பைட்டுகளைக் கடைசியிலிருந்து அடுக்கும், சன் நிறுவனத்தின் ஸ்பார்க் செயலி முதலிலிருந்து அடுக்கும். இதைக் கவனிக்காமல் எழுதிய நிரல், எழுதியவர் வீட்டுக் கணினியில் மட்டும் பிரமாதமாக ஓடும்!

1998 மார்ச் 31 அன்று நெட்ஸ்கேப் தன் உலாவியின் மூல நிரலை வெளியே விட்டது. மொசில்லா பிறந்த கதை இது. அதோடு டிண்டர்பாக்ஸ் என்ற கருவியும் வெளியே தெரிந்தது. விண்டோஸ், மேக், யூனிக்ஸ் கணினிகள் புதிய நிரலை இடைவிடாமல் எடுத்துத் தொகுத்துக்கொண்டே இருக்கும். தொகுப்பு சரியாக வந்தால் பலகையில் பச்சை, உடைந்தால் சிவப்பு. சிவப்பு வந்தால் "மரம் எரிகிறது" என்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு நிறுவனம் இருந்தது.

பெர்ல் மொழிக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. 1995-இல் தொடங்கிய சிபான் களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் தாங்கள் எழுதியதை ஏற்றலாம். ஏற்றியதை யார் சோதிப்பது? 1998-இல் கிரஹாம் பார், கிறிஸ் நண்டோர் இருவரும் சிபான் டெஸ்டர்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார்கள். யோசனை மிக எளிது. தன்னார்வலர்கள் புதிதாக வருவதைத் தங்கள் சொந்தக் கணினியில் இறக்கி, அதனுடன் வரும் சோதனைகளை ஓட்டி, தேறியதா இல்லையா என்று மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். எழுதியவர் கண்ணால்கூடப் பார்த்திராத கணினிகளிலிருந்து அவருக்கு ரிசல்ட் வரும்.

இதே வழியைத் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ்குவெல் இன்னும் ஒழுங்காகச் செய்தது. 2004-இல் ஆண்ட்ரூ டன்ஸ்டன் அதற்கு ஒரு "பில்ட் ஃபார்ம்" அமைத்தார். அதாவது கணினிப் பண்ணை. பண்ணை என்று பெயர் வைத்தால் விலங்குகள் வேண்டாமா? சேரும் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு விலங்கின் அல்லது பறவையின் பெயர் :-) உண்மையில் அந்தக் கணினிகள் ஓரிடத்தில் இல்லை. பல நாடுகளில் அவரவர் வீட்டிலும் அலுவலகத்திலும் இருக்கின்றன. சொந்தக்காரர் ஒரு சிறு நிரலை நிறுவிவிட்டால் போதும். அது புதிய மூல நிரலை எடுத்து, தொகுத்து, சோதனைகளை ஓட்டி, முடிவை ஒரு பொதுப் பலகைக்கு அனுப்பிவிடும்.

இதில் ரசிக்க வேண்டிய விஷயம், பழைய மெதுவான கணினிக்கு இங்கே தனி மரியாதை. இரண்டு வேலைகள் ஒன்றையொன்று முந்தும்போது மட்டும் தலைகாட்டும் பிழைகள் உண்டு. வேகமான கணினியில் அவை கண்ணில் படாமலே போகலாம். எடைக்குப் போட வேண்டிய நிலையில் உள்ள பெட்டியில் வெளிப்பட்டுவிடும். காசு கொடுத்து புதிதாக வாங்கும் எந்த நிறுவனமும் இப்படி ஒரு கலவையைச் சேர்த்திருக்காது என்றே தோன்றுகிறது.

2011-இல் பெர்லினில் டிராவிஸ் சிஐ வந்தபோது இந்தச் சிரமம் எல்லாம் தீர்ந்தது போலத் தெரிந்தது. திறந்த மூலத் திட்டங்களுக்கு முற்றிலும் இலவசம். ஒரு சின்ன கோப்பை எழுதி வைத்தால் சோதனை தானாக நடக்கும். ஆயிரக்கணக்கான திட்டங்கள் போய்ச் சேர்ந்தன. 2019 ஜனவரியில் அதை ஐடெரா நிறுவனம் வாங்கியது. 2020 நவம்பரில் இலவசத்துக்கு வரம்பு வந்தது. இலவசக் கணினிகளில் சிலர் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறார்கள் என்பது நிறுவனம் சொன்ன காரணங்களில் ஒன்று. அது பொய்யும் அல்ல. 2021 ஜூனில் அந்த இலவசத் தளம் மூடப்பட்டது. பலர் மூட்டை கட்டிக்கொண்டு கிட்ஹப் ஆக்‌ஷன்ஸுக்குப் போனார்கள். அதுவும் மைக்ரோசாஃப்ட் செலவில் ஓடுவதுதான்!

பண்ணையில் ஒருவர் விலகினால் ஒரு விலங்கு மட்டும் குறையும், பலகை அப்படியே இருக்கும். அதற்காக அங்கே இழப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஓர் இயங்குதளத்தில் போஸ்ட்கிரெஸ்குவெல் ஓடும் என்று சொல்ல, அண்மையில் அதில் சோதனை தேறியிருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். எச்பி-யூஎக்ஸ் இயங்குதளம் ஓடிய கணினிகள் பண்ணையிலிருந்து மறைந்தன. அதைப் பராமரிக்கவும் ஆள் இல்லை. 2022-இல் அதற்கான நிரல் பகுதிகள் நீக்கப்பட்டன. 2023-இல் வெளியான 16-ஆம் பதிப்பு எச்பி-யூஎக்ஸில் ஓடாது.