கூப்பர் ஓடைக் கரையின் கூலிபா மரம்

ஆஸ்திரேலியாவின் ஸ்ட்ரெலெக்கி தடத்தில் புழுதி குடித்து இன்னமிங்கா வந்து சேர்பவர்கள் பலர், குவின்ஸ்லாந்து எல்லையைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் போகிறார்கள். கூப்பர் ஓடைக் கரையில் கூடாரம் அடித்து, 'டிக் ட்ரீ' என்னும் முதிய கூலிபா மரத்தைப் பார்க்கத்தான் அந்தப் பயணம்.

கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்க ராபர்ட் பர்க் தலைமையில் ஒரு குழு 1860 ஆகஸ்ட் 20 அன்று மெல்பர்னிலிருந்து கிளம்பியது. அதன் ஒட்டகங்களில் பல கராச்சியில் கப்பலேறியவை. ஒட்டகக்காரர்களும் கூடவே வந்தார்கள். டிசம்பரில் இந்த மரத்தடியில் முகாம். பர்க், வில்ஸ், கிங், கிரே நால்வரும் வடகடலை நோக்கிப் போக, காவலுக்கு இருந்த பிராஹி நான்கு மாதம் காத்திருந்தார். 1861 ஏப்ரல் 21 காலை, உணவைப் புதைத்து, 'தோண்டு' என்று மரத்தில் செதுக்கிவிட்டுப் புறப்பட்டார்.

அன்று மாலையே மூவர் வந்து சேர்ந்தார்கள். வழியில் இறந்த கிரேயை அடக்கம் செய்ய ஒரு நாள் போயிருந்தது.

எல்லோரும் இந்தச் சில மணி நேரத்தை எண்ணித்தான் வருந்துகிறார்கள். அதைவிடக் கொடுமை அடுத்து நடந்தது. உணவை எடுத்தவர்கள் ஒரு கடிதத்தை வைத்துக் குழியைப் பழையபடி மூடினார்கள். மரத்தில் புதிதாக எதுவும் செதுக்கவில்லை. மே 8 அன்று திரும்பி வந்த பிராஹி, மண் கலையவில்லை என்று நம்பி, தோண்டாமலே போய்விட்டார்.

அந்த ஓடை பஞ்ச பூமி அல்ல. யந்த்ருவந்தா மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள். பசித்து வந்தவர்களுக்கு மீனும், நம் வயல் ஓரத்து ஆரைக்கீரையின் இனமான நார்டூ செடியின் வித்துறைகளை அரைத்துச் சுட்ட அடையும் கொடுத்தார்கள். பர்க்கோ ஒருமுறை அவர்கள் தலைக்கு மேலே சுட்டு விரட்டினார். பிறகு மூவரும் தாங்களே நார்டூவை அரைத்து உண்டார்கள். வயிறு நிறைந்தது, உடல் உருகியது. பக்குவம் அறியாமல் உண்டால் அது உயிர்ச்சத்து பி1-ஐ அழித்துவிடும் என்பது பின்னாளைய ஆய்வாளர்கள் தரும் விளக்கம். பர்க்கும் வில்ஸும் ஜூன் இறுதிவாக்கில் இறந்தார்கள்.

கிங் யந்த்ருவந்தா மக்களிடம் போய்ச் சேர்ந்தார். அவர்கள் ஊட்டிக் காத்தார்கள். செப்டம்பர் 15 அன்று ஹோவிட்டின் தேடுதல் குழு அவரை உயிரோடு கண்டது. மரத்தடிக்கு வருபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கதை இதுதான்.

இறந்த இருவருக்கும் 1863 ஜனவரியில் மெல்பர்னில் அரசு மரியாதையுடன் இறுதி ஊர்வலம் நடந்தது. கிங்கைக் காப்பாற்றியவர்களுக்கு நன்றியாகக் கிடைத்தவை பித்தளை மார்புப் பட்டயங்கள்.