முன்னறையில் எதை அளப்பது? சிறார் விழியழற்சியும் 2005 அட்டவணையும்

சிறார் மூட்டழற்சியோடு வரும் விழியழற்சி (யுவியைட்டிஸ்) பெரும்பாலும் கண் சிவக்காமல், வலிக்காமல் வளரும். குழந்தை குறை சொல்வதற்குள் கண்புரையும் கருவிழியில் சுண்ணப் பட்டையும் வந்துவிடக்கூடும். ஆகவே அழற்சி அளவீட்டின் வரலாறு இங்கு வெறும் நூலடுக்கு வேலை அன்று.

ஹோகன், கிமுரா, தைகசன் 1959இல் வகுத்த தரவரிசையை 2005இல் 'சன்' (SUN, யுவியைட்டிஸ் பெயரிடல் தரப்படுத்தல்) பணிக்குழு சீர்செய்தது. கருவிப் படங்கள் பின்னர் அதற்குத் துணையாக வந்தன என்பது வழக்கமான வாசிப்பு. இவ்வாசிப்பின் வேர் 2005 அறிக்கையிலேயே இருக்கிறது. கண்ணின் முன்னறை நீரில் மிதக்கும் செல்களையும் புரதக் கலங்கலையும் அது தனித்தனியே தரம் பிரிக்கிறது. ஆனால் நோய் அடங்கியது என்று சொல்லச் செல்களின் தரம் 0 ஆனால் போதும். கலங்கலுக்கு அந்தத் தீர்ப்பில் இடமில்லை. இவ்வாசிப்பை நான் ஏற்கவில்லை.

அட்டவணையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஸ்லிட் லேம்ப்பின் 1 மி.மீ. சதுர ஒளிக்கற்றைக்குள் 1 முதல் 5 செல் தெரிந்தால் 0.5+; 6 முதல் 15 என்றால் 1+; 26 முதல் 50 என்றால் 3+. படிகள் சம அகலம் கொண்டவை அல்ல. முன்னேற்றம் என்பதற்கு இரண்டு படி இறங்க வேண்டும், அல்லது 0ஐத் தொட வேண்டும். 3+இல் இருக்கும் குழந்தைக்கு 50 செல் 26 ஆகக் குறைந்தாலும் தரம் மாறாது. 6 செல் 5 ஆனால் மாறிவிடும். அசையாமல் உட்காராத நான்கு வயதுக் குழந்தையிடம் அந்த ஒற்றைச் செல்லை யார் உறுதியாக எண்ணுவது?

கலங்கலை எண்ணாக்கும் வழியோ முன்பே இருந்தது. சாவாவும் சக ஜப்பானிய ஆய்வாளர்களும் 1988இல் லேசர் ஒளிச்சிதறல் அளவியை அறிமுகம் செய்தார்கள். டேவிஸ் குழுவினர் 2003இல் அதே அளவீட்டை நாட்பட்ட யுவியைட்டிஸ் கொண்ட சிறார்களின் சிக்கல்களோடு ஒப்பிட்டார்கள். 2003தான் தொடக்க ஆண்டு என்று நான் சொல்லவில்லை; சிறார் அளவீடு 2005க்கு முன்னரே வேறு பாதையில் நடந்தது என்பதே என் வாதம். ஹாலண்ட் 2007இல் கலங்கலை மறுபரிசீலனைக்கு எடுத்ததும் அப்பாதையின் தொடர்ச்சியே.

அடாலிமுமாப் மருந்துக்கான இரு பரிசோதனைகளில் இப்பிளவு தெளிவாகிறது. 2017இல் வெளியான 'சைகமோர்' சன் தரத்தை நம்பியது. 2018இன் பிரெஞ்சு 'அட்ஜுவைட்' லேசர் அளவில் குறைந்தது 30 சதவீத வீழ்ச்சியையும், ஸ்லிட் லேம்ப்பில் மோசமடையாமையையும் சேர்த்துக் கேட்டது.

சென்னையில் அகர்வால் குழுவினர் 2009இல் ஓசிடி (ஒளியியல் ஒத்திசைவு ஊடுபட வரைவு) படத்தில் முன்னறைச் செல்களைக் காட்டினார்கள். ஆனால் ஓசிடி ஆய்வுகள் பெரும்பாலும் சன் தரத்தோடு ஒத்துப்போவதையே வெற்றியாகக் கொள்கின்றன. எந்த அட்டவணையின் பலவீனத்தைக் கருவி திருத்த வேண்டுமோ, அதே அட்டவணை அதற்கு நீதிபதியாகிறது.

ஓர் எதிர்வாதம் வலுவானது. இரத்தத்துக்கும் முன்னறை நீருக்கும் இடையிலான தடுப்பு நிரந்தரமாகச் சிதைந்த கண்ணில் அழற்சி அடங்கிய பின்னும் கலங்கல் நீடிக்கும். ஆகவே ஒற்றை அளவு தீர்ப்பாகாது. ஆனால் அதே குழந்தையின் முந்தைய அளவிலிருந்து கலங்கல் ஏறும்போது செல் தரம் 0 என்று காட்டினால், அதை அமைதி என்று எழுதுவதற்கும் நமக்கு உரிமையில்லை. எவ்வளவு ஏற்றம் ஆபத்து என்ற எல்லை இன்னும் தீராதது. அதைச் சன் தரத்தோடு ஒப்பிட்டுத் தீர்க்க இயலாது. பார்வை இழப்போடும் புதிய சிக்கல்களோடும், ஆண்டுகள் கடந்து, ஒப்பிட்டே தீர்க்க வேண்டும்.