பூச்சியம் உரைத்த செய்தி

1912ஆம் ஆண்டில் விக்ரர் ஹெஸ் பலூனில் ஏறி, 5,300 மீற்றர் உயரத்திற் கதிர்வீச்சு நிலத்திலுள்ளதைவிடப் பன்மடங்கு மிகுந்திருப்பதைக் கண்டார். அண்டக்கதிர் ஆராய்ச்சிக்கு அதுவே கால்கோள். அக்கதிர்களைச் செய்மதியிலிருந்து அளக்கும் வாய்ப்போ நாற்பத்தைந்து ஆண்டுகளின் பின்னரே கிட்டிற்று.

1958 சனவரி 31ஆந் திகதி ஐக்கிய அமெரிக்கா ஏவிய எக்ஸ்புளோரர் 1 ஏறத்தாழ 14 கிலோகிராம் திணிவுடையது. அயோவாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் வான் அலனும் அவர்தம் மாணவரும் அமைத்த கைகர் எண்ணியொன்று அதில் இருந்தது. செக்கனுக்கு ஏறக்குறைய 30 துணிக்கைகள் பதிவாகும் என்பது அவர்களது எதிர்பார்ப்பு. தாழ்வாகச் செல்கையில் அவ்வாறே பதிவாயிற்று. தென் அமெரிக்காவின் மேலே, 2,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலோ எண்ணி பூச்சியத்தையே காட்டிற்று. கருவி பழுதுற்றதென எவரும் எண்ணியிருப்பர்; அவ்வாறு எண்ணுவதில் தவறுமில்லை. அச்செய்மதியிற் பதிவு நாடா இன்மையால், நிலையங்களுக்கு எட்டிய துண்டுத் துணுக்கான சைகைகளை வைத்து எதையும் துணிதல் அரிதாயிற்று.

மார்ச்சு 26இல் ஏவப்பெற்ற எக்ஸ்புளோரர் 3 நாடாவுடன் சென்றது. முழுச் சுற்றொன்றின் பதிவில் எண்ணிக்கை விரைந்தேறிப் பூச்சியமாகிப் பின்னர் மீண்டும் தோன்றிற்று. பழுதுற்ற கருவி இவ்வண்ணம் ஒழுங்குடன் நடவாது. கைகர் எண்ணி ஒரு துணிக்கையைப் பதிந்தபின் மீள்வதற்குச் சிறிது நேரம் வேண்டும். இடைவெளியின்றித் துணிக்கைகள் மோதினால் அது ஊமையாகிவிடும். கார்ல் மக்கில்வெயின் ஆய்வுகூடத்தில் எக்ஸ் கதிர்களைச் செறிவாகப் பாய்ச்சி இதனை மெய்ப்பித்தார். பூச்சியம் இன்மையன்று, மிகையே. புவியின் காந்தப்புலத்திற் சிறைப்பட்ட துணிக்கைகளே இதற்குக் காரணம் என்ற கருத்து இவ்வாறு உருவாயிற்று. மே 1இல் இம்முடிபு உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு திசம்பரிற் சென்ற பயணியர் 3 இத்தகைய வலயங்கள் இரண்டு உள எனக் காட்டிற்று.

இப்புகழ் சோவியத் அறிஞர் வெர்னோவுக்கு உரியதாகியிருக்கலாம். 1957 நவம்பரில் ஸ்புட்னிக் 2 அவர்தம் எண்ணிகளைச் சுமந்து சென்றது. ஆயின் பதிவு நாடா அதிலும் இல்லை. சோவியத் நிலத்தின்மேல் அது தாழ்வாகவே பறந்தது. 1958 மேயில் நாடாவுடன் சென்ற ஸ்புட்னிக் 3இலோ அந்நாடாக் கருவியே பழுதுற்றது!

உள்வலயம் தென் அத்திலாந்திக்கின்மேல் மிகத் தாழ இறங்குகின்றது. 1990இல் ஏவப்பெற்ற ஹபிள் தொலைகாட்டி அப்பகுதியைக் கடக்குந்தோறும் தன் நோக்கல்களை இடைநிறுத்த நேர்ந்தது.