கைப்பையின் கொள்ளளவு



வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே உங்கள் நினைவுக்கு வரக்கூடும். முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் நின்று அவற்றையே கற்பித்தவன் நான். இன்று அவற்றை ஒரு புறம் வைத்துவிட்டு, மிக எளிய பொருள் ஒன்றைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். பெண்கள் கையில் ஏந்திச் செல்லும் கைப்பையே அப்பொருள்.

இவ்வெண்ணம் எனக்கு எழக் காரணமானவள் என் மகள். கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராகப் பணியாற்றும் அவள், சென்ற ஆண்டு என் தாயாரின் பழைய கைப்பையைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். அது 1960களில் வாங்கப்பெற்றது. பித்தளைக் கொக்கியும் குட்டையான கைப்பிடியும் உடையது. தோல் இன்னும் நன்றாகவே இருந்தது. நாள்தோறும் அதையே கொண்டுசெல்ல வேண்டும் என்பது அவள் ஆசை. ஆனால், கைப்பேசியும் மூக்குக்கண்ணாடிக் கூடும் உள்ளே புகுந்த அளவில் பை நிறைந்துவிட்டது. "பாட்டியும் ஆசிரியைதானே, அப்பா? இதில் எதைத்தான் கொண்டுபோனார்கள்?" என்று கேட்டாள்.

நான் நினைவுகூர்ந்து பார்த்தேன். என் தாயார் அதில் சிறிது பணமும் கைக்குட்டையும் மட்டுமே வைத்திருப்பார். மாணவரின் குறிப்பேடுகளும் பகலுணவும் குடையும் மற்றொரு கையில் தொங்கிய மஞ்சள் துணிப்பையில் சென்றன. ஒரு பை பிறர் காண்பதற்கு, மற்றொன்று சுமப்பதற்கு. ஏன் இவ்வாறு அமைந்தது? இதற்கு விடை காண நாம் ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டும்.

18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஐரோப்பியப் பெண்களுக்குக் கைப்பை தேவைப்படவில்லை. அகன்ற பாவாடையின் உள்ளே, இடுப்பில் நாடாவினால் கட்டிய துணிப்பைகளை அவர்கள் அணிந்தனர். பாவாடையின் பக்கத்திலிருந்த பிளவு வழியே கையை விட்டு, சாவி, கத்தரிக்கோல், பணம், தின்பண்டம் முதலியவற்றை எடுத்துக்கொள்வர். நம் பாட்டிமார் இடுப்பில் செருகிக்கொண்ட சுருக்குப்பையை எண்ணிக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

1790களில் ஆடையின் பாணி மாறிற்று. மார்புக்குக் கீழே இறுக்கி, நேராகக் கீழே விழும் மெல்லிய உடை வந்தது. வங்காளத்து மஸ்லினும் அதற்குப் பெரிதும் விரும்பப்பட்டது. அத்தகைய மெல்லிய துணிக்கு அடியில் பையைக் கட்டினால் புடைத்துத் தெரியுமன்றோ? ஆதலின், உள்ளே இருந்த பை வெளியே வந்து கைக்கு ஏறியது. 'ரெட்டிக்யூல்' என்பது அதன் பெயர். சிறு வலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது. அப்பெயரையே 'ரிடிக்யூல்', அதாவது நகைப்புக்குரியது, என்று திரித்துப் பலர் எள்ளி நகையாடினர். கைக்குட்டையும் நறுமணக் குப்பியும் வைத்தாலே நிறைந்துவிடும் சிறு பை அது. அதே காலத்தில் ஆடவர் சட்டைகளிலோ பைகள் தைக்கப்பட்டே வந்தன என்பதைக் கருத்தில் கொள்க.

அடுத்து வந்தது இருப்புப்பாதையின் காலம். பயணத்திற்கு உறுதியான தோல்பைகள் வேண்டியிருந்தன. இங்கிலாந்தில் நான்கு முறை தலைமை அமைச்சராயிருந்த கிளாட்ஸ்டன் பெயரால் வழங்கும் பை, இரும்புச் சட்டத்தில் இரண்டாகத் திறக்கும் அமைப்புடையது. அக்காலத்துப் பயணப் பைகளுள் அது புகழ்பெற்றது. 'கைப்பை' என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லும் அந்நாளில் இத்தகைய பயணப் பையையே குறித்தது. 1895இல் ஆஸ்கர் வைல்டு எழுதிய நாடகம் ஒன்று லண்டனில் அரங்கேறியது. அதில் ஒரு கைக்குழந்தை இரயில் நிலையத்தில் கைப்பையினுள் இருந்து கண்டெடுக்கப்படுகிறது. குழந்தை கொள்ளும் அளவுக்குக் கைப்பை பெரிதாயிருந்தது என்பதற்கு இந்நாடகமே சான்று.

இவ்விடத்தில் ஒரு சட்டத்தையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் மணமான பெண் தான் ஈட்டிய ஊதியத்தைத் தனதாக வைத்துக்கொள்ளும் உரிமையை 1870ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது. சொத்தினைத் தன் பெயரில் கொள்ளும் உரிமையை 1882ஆம் ஆண்டுச் சட்டம் விரிவாக வழங்கியது. சட்டம் வந்ததும் பை பெரிதாயிற்று என்று நான் கூறவில்லை. ஆயினும், தனக்கென்று பொருளும் பணியும் பயணமும் உடையவளுக்கே அவற்றைச் சுமக்கப் பை வேண்டியிருக்கும் என்பது தெளிவு.

1920களில் மாலை விருந்துகளுக்கெனக் கையில் இடுக்கிக்கொள்ளும் தட்டையான சிறு பை செல்வாக்குப் பெற்றது. 1939இல் போர் மூண்டபோது, பிரிட்டனில் நச்சுவாயு முகமூடியை வைப்பதற்குத் தனி அறையுடைய பெண்கள் கைப்பைகள் விற்பனைக்கு வந்தன. கைகள் வேலைக்கு வேண்டியிருந்தமையால் தோளில் மாட்டும் பைகள் பரவின. போர் முடிந்தபின் சட்டம் வைத்த விறைப்பான சிறு பைகள் மீண்டும் வந்தன. 1955 பிப்ரவரியில் பாரிஸில் கப்ரியேல் ஷனேல் சங்கிலித் தோள்வார் கொண்ட பையை வெளியிட்டார். கைகள் விடுதலை பெற்றன. எனினும் அப்பை சிறியதே.

ஆகவே, பழைய பைகளை விரும்பி வாங்குவோருக்கு வரலாறு தரும் அறிவுரை ஒன்றுண்டு. ஒரு பை எதற்காகப் பிறந்தது என்று முதலில் கேளுங்கள். விருந்துக்குப் பிறந்த பை இன்றைய பணிக்குப் போதாது; வேலைக்குப் பிறந்த பையே போதும். 1932இல் லூயி வுய்த்தோன் நிறுவனம் செய்த 'நோயே' என்னும் பை, ஐந்து ஷாம்பெய்ன் புட்டிகளைச் சுமப்பதற்காகவே உருவானது. அமெரிக்காவில் 1944இல் பனிக்கட்டி சுமப்பதற்கென எல். எல். பீன் நிறுவனம் செய்த தடித்த துணிப்பையே பின்னர் அனைவரும் கொண்டுசெல்லும் பையாயிற்று. இத்தகையவற்றில் புத்தகமும் உணவுக்கலமும் தாராளமாக அமையும்.

வாங்குமுன் அளந்து பார்த்தலும் வேண்டும். இன்றைய ஏ4 தாள் 297 மில்லிமீட்டர் நீளமும் 210 மில்லிமீட்டர் அகலமும் உடையது. பையின் வெளியளவை நம்பாதீர்கள். உலோகச் சட்டம் திறக்கும் வாயின் அளவே மெய்யளவு. தோலை மெல்ல வளைத்தால் வெடிப்புக் காண்கிறதா, கைப்பிடித் தையல் இற்றுள்ளதா என்பனவற்றையும் நோக்குக.

இங்கே என் பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நான் தலைமையாசிரியனாயிருந்தபோது, ஆசிரியை ஒருவர் மிகப் பெரிய பையுடன் வருவார். ஒரு நாள் ஆசிரியர் கூட்டத்தில், "வீட்டையே தூக்கி வருகிறீர்களா, அம்மா?" என்று நகைத்தேன். மற்றவர்களும் சிரித்தனர். அவர் ஒன்றும் கூறாமல் பையை மேசைமேல் வைத்துத் திறந்தார். திருத்திய குறிப்பேடுகள், புண்ணுக்குக் கட்டும் துணி, காலையுணவின்றி வரும் பிள்ளைகளுக்கென ரொட்டிப் பொட்டலங்கள் ஆகியவை அதில் இருந்தன. 'ரிடிக்யூல்' என்று நகைத்த அந்நாளைய மாந்தரின் வரிசையில் நானும் நின்றேன் என்பது பிற்காலத்திலேயே எனக்கு விளங்கிற்று.

பாரிஸில் 1837இல் குதிரைச் சேணப் பட்டறையாகத் தொடங்கிய ஹெர்மேஸ் நிறுவனம், சேணத்தையும் காலணியையும் சுமக்க ஒரு பெரும் பையைச் செய்துவந்தது. நடிகை ஜேன் பர்கின், இளந்தாயாகிய தமக்குப் போதுமான பை கிடைப்பதில்லை என்று அந்நிறுவனத் தலைவரிடம் விமானப் பயணத்தில் குறைகூற, அப்பெரும் பையின் வழியில் 1984இல் புதிய பை பிறந்தது. அவர் பயன்படுத்தித் தேய்ந்த முதற்பை 2025 ஜூலையில் பாரிஸில் 86 இலட்சம் யூரோவுக்கு ஏலம் போயிற்று. குறையைக் கேட்டு நகையாமல், ஒருவர் செவிகொடுத்ததன் பயன் அது.

என் தாயாரின் கைப்பை இப்போது மகளின் மேசைமேல் எழுதுகோல்களைத் தாங்கி நிற்கிறது. அவள் நாள்தோறும் கல்லூரிக்குக் கொண்டுசெல்வதோ அகன்ற வாயுடைய பெரிய பை. மாணவர்களே, அருங்காட்சியகத்தில் ஒரு பொருளைக் காணும்போது அதன் அழகை மட்டும் நோக்காதீர்கள். அது எவ்வளவு கொள்ளும், எவர் சுமந்தார், எதைச் சுமக்க அவருக்கு இடம் தரப்பட்டது என்றும் கேளுங்கள். அக்கேள்விகளிலிருந்தே நல்ல வரலாறு தொடங்குகிறது.