இடங்கை என்னும் பெயரும் கொங்குநாட்டுக் கம்மாளரும்



நம் ஆனைமலைக் கடைவீதியில் ஒருவன் இடக்கையால் காசை நீட்டுவானாயின், கடைக்காரர் அதனை வாங்காது அவன் முகத்தையே நோக்குவர். முதற்போணி இடக்கையில் நடந்தால் அன்றைய வியாபாரம் விளங்காதென்பது பழைய நம்பிக்கை. இடக்கை வழக்கமுடைய பிள்ளை கல்லாவில் உட்காரத் தகாதவன் என்று சொல்லும் பெரியோர் நம்மவருள் இன்றும் உளர். உலையிலும் பட்டறையிலும் அப்பிள்ளை சுத்தியலை இடக்கையில் எடுத்தவுடன் புறங்கையில் ஓர் அடி விழுகிறது. அக்கைக்கு நம் ஊரார் வழங்கும் பெயர்களோ ஏட்டில் எழுதக் கூசுவன.

இங்ஙனம் இழிக்கப்படும் அக்கையின் பெயரையே பல நூற்றாண்டுகளாகத் தமிழ்நாட்டு வணிகரிலும் தொழிலாளரிலும் பெரும்பகுதியார் தம் கட்சிப் பெயராகத் தாங்கி நின்றனர். நம் முன்னோரும் அவருள் அடங்குவர். "இடங்கை" என்பது அப்பெயர். நம் இளைஞருட் பலர் இதனைக் கேட்டதும் இலர். ஆகவே அச்சரித்திரத்தை இங்கே சிறிது விரித்துரைப்போம்.

முதலில் ஒன்று தெளிவாதல் வேண்டும். இடங்கையார் என்போர் இடக்கையால் வேலை செய்தவர் அல்லர்; வலங்கையார் யாவரும் வலக்கை வழக்கத்தினரும் அல்லர். இரண்டும் பல ஜாதிகள் கூடிய இரு பெருந் தொகுதிகளின் பெயர்கள். அரசனுக்கு வலப்பக்கத்தும் இடப்பக்கத்தும் நின்றமையால் இப்பெயர்கள் வந்தன என்பாரும், அம்மனுடைய இரு கைகளோடு சேர்த்துக் கதை கூறுவாரும் உளர். கதைகள் பல, சான்று உடையன சில. முதலாம் ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரியகோயிற் சாசனங்களில் வலங்கை வேளைக்காரப் படைகள் குறிக்கப்படுகின்றன. ஆதலின் படைவகுப்பிலிருந்தே இப்பெயர்கள் குடிகளிடம் வந்தன என்று கொள்வதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

பெயர் வந்த சிறிது காலத்திற்குள் பகையும் வந்தது. முதற் குலோத்துங்கனது 2-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது ஏறக்குறைய 1072-ஆம் வருஷத்தில், தஞ்சைச் சீமையிலுள்ள ராஜமகேந்திரச் சதுர்வேதிமங்கலத்தில் இரு கையாரும் பொருதனர். ஊர் எரிந்தது; கோயிற் பண்டாரம் கொள்ளை போயிற்று. பின்னர் ஊர்ச்சபையார் கோயிலிலிருந்தே 50 கழஞ்சு பொன் கடன் வாங்கிப் பழுதானவற்றைப் புதுப்பித்தனர் என்று கல்வெட்டுக் கூறுகிறது. எரித்தவர் யாராயினும், கடன் ஊரின் தலைமேல் விழுந்தது!

1218-ஆம் வருஷத்தில், மூன்றாங் குலோத்துங்கன் ஆட்சியின் இறுதியில், திருச்சிராப்பள்ளிப் பக்கத்து ஊட்டத்தூரில் இடங்கையார் தம் வரலாற்றைத் தாமே கல்லில் வெட்டுவித்தனர். காசியப முனிவரின் வேள்வியைக் காக்க அக்கினி குண்டத்தினின்று தோன்றியோம் என்றும், அரிந்தமன் என்னும் அரசன் அந்தர்வேதியிலிருந்து அந்தணரைக் குடியேற்றியபோது அவர்தம் பாதரக்ஷையும் குடையும் தாங்கி உடன்வந்தோம் என்றும், இடங்கையில் 98 பிரிவினர் உண்டென்றும் அதிற் கண்டிருக்கிறது. தீயிற் பிறந்தோம் என்று சொல்லும் வாயாலேயே பிறர் செருப்பைச் சுமந்தோம் என்றும் சொல்லிக்கொள்ளுதல் விந்தையே. அக்காலத்தில் பெரியோரைச் சார்ந்து நிற்றலே பெருமை எனப்பட்டது. இச்செருப்பை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க. கரூரில் மீண்டும் அதனைக் காண்போம்.

சோழர் காலத்து இடங்கையில் படைவீரரும் நிலமுடையாரும் கூட இருந்தனர். பின்னாளில் தொழிலாளரும் வணிகருமே அதன் முன்னணியில் நின்றனர். 1800-ஆம் வருஷத்தில் கும்பினியாரின் ஏவலால் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கோயமுத்தூர்ச் சீமைகளைச் சுற்றிப்பார்த்த புக்கானன் என்னும் வைத்தியர், இடங்கையில் 9 ஜாதியும் வலங்கையில் 18 ஜாதியும் உண்டென எழுதினார். இடங்கைக்குத் தலைமை பாஞ்சாலரிடத்து, அஃதாவது ஐந்தொழிற் கம்மாளரிடத்து, இருந்தது என்பதும் அவர் குறிப்பு. பேரி செட்டிகளையும் தேவாங்கரையும் அவர் அப்பக்கத்திலேயே வைத்தார். கல்லில் 98 ஆனது காகிதத்தில் 9 ஆனதைக் கண்டு மயங்க வேண்டா. ஊருக்கு ஊர் பட்டியல் மாறியதே உண்மை. அதே பிரயாணத்தில் அவர் நம் ஆனைமலைக்கும் வந்து, மலையாளத்துக்கும் கிழக்குச் சீமைகளுக்கும் இடையே போவோர் வருவோரின் வழியில் இவ்வூர் இருப்பதை எழுதிவைத்தார். பாலக்காட்டுக் கணவாயை அடுத்த ஊருக்கு அஃது இயல்பே.

நம் கொங்குநாட்டில் இப்பிரிவு எங்ஙனம் நடந்தது என்பதைப் பிரெண்டா பெக் என்னும் அம்மையார் காங்கயம் பக்கத்துக் கிராமமொன்றில் தங்கி ஆராய்ந்து, 1972-இல் பெருநூலாக வெளியிட்டார். அவர் கண்டதன் சாரம் இது: வலங்கைக் குடிகள் நிலத்தைப் பற்றி நின்றன. நிலமும், நாட்டெல்லையும், அவ்வெல்லைக்குள் ஒருவர்க்கொருவர் செய்யும் கடமையும் அவர்தம் மதிப்புக்கு அளவுகோல். இடங்கைக் குடிகளுக்கோ கைத்தொழிலும் கைப்பொருளுமே முதல். அவற்றை எந்நாட்டிற்கும் எடுத்துச் செல்லலாம். ஆகவே அவர்கள் நாட்டெல்லையைப் பெரிதென்று கொள்ளாமல், எங்கும் செல்லுபடியாகும் ஆசாரங்களைக் கைக்கொண்டு தம் மதிப்பைத் தேடினர்.

எமது கருத்தில் இதுவே இச்சரித்திரத்தின் உயிர்நிலை. நிலமில்லாதவனுக்கு மூலதனம் யாது? அவன் கையே. தட்டானது உலைமூக்கும் தச்சனது உளியும் மூட்டையிற் கட்டக்கூடியவை. ஊரில் நீதி கிடையாதாயின் அவன் அவற்றை எடுத்துக்கொண்டு மறுவூருக்குப் போய்விடலாம். ஊரார்க்கு அவன்மேல் ஐயம் உண்டானதற்கும், அவனின்றி ஊர் நடவாமற் போனதற்கும் இதுவே காரணம். உழவரைக் குறை கூறுவதற்காக இதை எழுதினோமல்லோம். அவரது ஏர்முனை தேயாவிடில் நம் உலையில் நெருப்பேது?

இனிக் கரூர்ச் சாசனத்துக்கு வருவோம். நம் சங்கத்தார் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது இது. கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டப்பெயருடைய அரசன் ஒருவனது ஆணை வெட்டப்பட்டுள்ளது. அது வெங்காலநாட்டுக் கம்மாளரை நோக்கியது. அவனது 15-ஆம் ஆட்சியாண்டின் ஆடி மாதம் முதல் அவர்களுக்குச் சில உரிமைகள் அளிக்கப்பட்டன. நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிப் பேரிகை கொட்டுவித்துக்கொள்ளலாம். வெளியே புறப்படும்போது காலில் செருப்பு அணியலாம். தம் வீட்டுச் சுவர்களுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம்.

அளித்தது இவ்வளவே. ஆனால் இவற்றை அரசன் அளிக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்து அதற்கு முன்னிருந்த நிலைமையை உய்த்துணரலாம். அரசன் மாளிகைக்குச் சாந்து பூசிய சுவரை எழுப்பியவன் தன் வீட்டுச் சுவரை மண்ணாகவே விட்டுவைத்தான். கோயில் தேரைச் செய்தவன் அத்தேர்வீதியில் வெறுங்காலுடன் நடந்தான். சாந்து பூசப் பொருளில்லாத ஏழைக்கு, பூசலாம் என்னும் ஆணையால் என்ன பயன்? ஆணையை வேண்டியவர்களிடம் பொருள் இருந்தது. அதைக் கண்காண அனுபவிக்கும் உரிமை இல்லை. பணம் முன்னரே வந்துவிட்டது, மரியாதை பின்னர்தான் வந்தது. வாணிகத்தில் முன்னேறிய பல வகுப்பாரின் கதையும் இதுவே. ஊட்டத்தூரில் பிறர் செருப்பைச் சுமந்ததாகச் சொல்லிய பக்கத்தைச் சேர்ந்தவர்கள் கரூரில் தம் செருப்பைத் தாமே அணிந்து நடந்தார்கள். இதற்காக யாரும் வெட்டுண்டதாக அச்சாசனத்தில் இல்லை. உளியும் சம்மட்டியும் இன்றிக் கோட்டையும் இல்லை, படையும் இல்லை என்பதை அரசன் அறிந்தேயிருப்பான்.

கும்பினியார் காலத்தில் இப்பகை முழு வியாபாரப் பகையாயிற்று. சென்னைப்பட்டணத்தில் 1652-லேயே இரு கையாரும் மோதினர். பிட் என்பவர் கவர்னராயிருந்தபோது, 1707-லும் 1708-லும், அது உச்சத்தை எட்டியது. சீமைக்கு அனுப்பும் துணிகளைச் சேகரித்துத் தரும் ஒப்பந்தம் யாருக்கு என்பதே உள்விஷயம். அது வலங்கை வணிகரிடமிருந்து இடங்கைச் செட்டிகள் பக்கம் சாய்ந்தது. வெளியே பேசப்பட்டதோ எத்தெருவில் யார் ஊர்வலம் போகலாம் என்பது! படகோட்டிகள் முதலிய வலங்கையார் ஊரைவிட்டுச் சாந்தோமுக்குப் போய்விட்டனர், வியாபாரம் நின்றது. கவர்னருக்கும் அவர் சபையிலிருந்த பிரேசர் என்பவருக்கும் இதன்பொருட்டே பிணக்கு மூண்டது. கலியாணப் பந்தலில் வலங்கையார்க்கு 12 கால், இடங்கையார்க்கு 11 காலே என்று கூட வாதம் நடந்ததுண்டு. ஒரு மூங்கிலுக்காக நம் முன்னோர் செலவழித்த வழக்குச் செலவில் எத்தனை பட்டறைகள் வைத்திருக்கலாம்!

ஆயினும் இருகையும் சேர்ந்து உயர்ந்த நாளும் உண்டு. 1429-இல், விஜயநகர ஆட்சியில், அதிகாரிகள் வரிக்கொடுமை செய்தபோது, சோழநாட்டில் வலங்கை 98-ம் இடங்கை 98-ம் ஒன்றுகூடி இன்ன வரிக்கு மேல் இறுப்பதில்லை எனத் தீர்மானித்துக் கல்லில் வெட்டினர். கொறுக்கை முதலிய ஊர்களில் அச்சாசனங்கள் உள்ளன.

பத்தொன்பதாம் நூற்றாண்டினூடே இக்கட்சிகள் மெல்ல மறைந்தன. தெருவும் பந்தற்காலும் மறந்தன. ஆனால் கையின்மேல் உள்ள இழிவு மட்டும் மறையவில்லை. பெயரால் இடங்கையராயிருந்த நம் முன்னோர் பட்ட இழிவை, உண்மையிலேயே இடக்கை வழக்கமுடைய நம் பிள்ளைகளுக்கு நாமே இழைத்து வருகிறோம். உலகில் ஏறக்குறையப் பத்தில் ஒருவர் இடக்கை வழக்கத்தினர் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. அங்ஙனமாயின் நம் சங்கத்துக் குடும்பங்களிலும் அத்தகையோர் அநேகர் இருத்தல் வேண்டும். அடித்து மாற்றப்பட்டதால் நம் கண்ணுக்குப் படுவதில்லை.

வணிகர் குலத்திற் பிறந்த காந்தியடிகள் 1909 நவம்பரில் கில்டோனன் காசில் என்னும் கப்பலில் "இந்திய சுயராஜ்யம்" என்னும் நூலை எழுதினார். வலக்கை ஓய்ந்தபோது இடக்கையால் எழுதி, 275 பக்கங்களில் ஏறக்குறைய 40 பக்கங்களை முடித்தார். அக்கையெழுத்துப் பிரதி அச்சாகியும் இருக்கிறது. எக்கையால் எழுதிய பக்கம் தீட்டென்று எவரும் கேட்டிலர். நம் நாளில் மைக்ரோசாப்ட் என்னும் கம்பெனியைத் தோற்றுவித்து உலகப் பெருஞ்செல்வருள் ஒருவரான பில் கேட்ஸ் இடக்கையால் கையொப்பமிடுபவர். லண்டன் நகரிலோ, 1968-ஆம் வருஷத்தளவில், இடக்கையார்க்கு வேண்டிய சாமான்களை மட்டுமே விற்பதற்கென ஒரு கடை திறக்கப்பட்டது. கத்தரிக்கோல், பேனா, அடுக்களைக் கத்தி முதலியன அங்கே விற்கப்பட்டன.

இது கருவி செய்யும் நமக்கு நன்கு விளங்கும் விஷயம். கத்தரிக்கோலை வலக்கையிற் பிடித்தால் விரல்களின் அழுத்தம் இரு அலகுகளையும் ஒன்றோடொன்று சேர்க்கும். இடக்கையிற் பிடித்தால் அதே அழுத்தம் அலகுகளைப் பிரிக்கும். துணி வெட்டுப்படாமல் இடையில் மடியும். தையற்கடையில் இடக்கைப் பையன் திறமையற்றவன் எனப் பெயர் வாங்குவது கருவியின் குற்றத்தால். கொல்லுலையில் இத்தொல்லை குறைவு. சுத்தியலுக்குக் கைபேதம் இல்லை. பட்டறைக்கல்லின் மூக்கைத் திருப்பி வைத்து, குறட்டை வலக்கைக்கு மாற்றினால் வேலை நடக்கும். கருக்கரிவாளுக்கோ கைபேதம் உண்டு. அதன் பற்கள் தகட்டின் ஒரு முகத்திலேயே வெட்டப்படுகின்றன. வலக்கையாருக்கென வெட்டிய அரிவாளை இடக்கையிற் பிடித்து அறுத்தால் தாள் சரியாக அறுபடாது வழுக்கும். விரலிற் காயமும் படும். பற்களை மறுமுகத்தில் வெட்டி, வளைவையும் அதற்கேற்ப அமைத்துவிட்டால் அது இடக்கை அரிவாளாகிவிடும். இரும்பும் அதே, கரியும் அதே, கூலியும் அதே. பொள்ளாச்சிச் சந்தைக்கு அரிவாள் கொண்டுபோகும் நம்மவர், நூறு அரிவாளில் ஐந்தையாவது இவ்விதம் அடித்து, தனியே ஒரு சாக்கின்மேல் பரப்பி வைத்துப் பார்க்கலாம். வாங்க வருகிறவர் எக்கையால் காசு நீட்டினாலும் வாங்கிக்கொள்க.