ஒரே பூங்காவின் மூன்று வடிவங்கள்: சான் ஹோசேயில் சந்திக்கும் இந்திய, ஜப்பானிய நட்பு

இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையிலான உறவு குறித்துப் பேசப்படும்போது அணுசக்தி ஒப்பந்தம், அதிவேக ரயில் திட்டம், கடற்படைப் பயிற்சி ஆகியனவே பெரிதும் முன்னிறுத்தப்படுகின்றன. ஆனால் இவ்விரு நாடுகளின் நட்புக்கு அமைதியான இன்னொரு முகமும் உண்டு. அதன் ஒரு பகுதி, கலிஃபோர்னியாவில் பெருமளவு தமிழர்கள் வாழும் சான் ஹோசே நகரில் காணப்படுகிறது.

சான் ஹோசேயின் கெல்லி பூங்காவில் சுமார் 6 ஏக்கர் பரப்பில் ஜப்பானிய நட்புப் பூங்கா அமைந்துள்ளது. 1965இல் திறக்கப்பட்ட இப்பூங்கா, ஜப்பானின் ஒகயாமா நகரிலுள்ள கொராகுவென் பூங்காவை மாதிரியாகக் கொண்டது. இந்தியாவின் புனே நகரில், சிங்ககட் சாலையில், சுமார் 10 ஏக்கரில் மற்றொரு பூங்கா உள்ளது. மராத்திய எழுத்தாளர் பு.ல. தேஷ்பாண்டேயின் பெயரைத் தாங்கிய அதற்கு, புனே-ஒகயாமா நட்புப் பூங்கா என்ற பெயரும் உண்டு. அதற்கும் முன்மாதிரி அதே கொராகுவென்தான்.

சான் ஹோசே 1957இல் ஒகயாமாவுடனும், 1992இல் புனேயுடனும் சகோதர நகர உறவை ஏற்படுத்திக்கொண்டது. இவ்வாறாக, ஓர் ஜப்பானிய நகரும் ஓர் இந்திய நகரும் அமெரிக்க நகரொன்றின் வழியாகவும் இணைக்கப்பட்டுள்ளன.

போருக்குப் பின்னர்

ஒகயாமாவின் பிரபு இகேதா சுனமாசாவின் ஆணையின் பேரில் 1687இல் தொடங்கப்பட்ட கொராகுவென், 1700இல் நிறைவுற்றது. ஜப்பானின் மிகச் சிறந்த மூன்று பூங்காக்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. பிரபுக்களின் தனி உடைமையாக இருந்த அப்பூங்கா 1884இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1934இல் வெள்ளத்தாலும், 1945 ஜூனில் அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சாலும் அது சேதமடைந்தது. பழைய ஓவியங்களையும் வரைபடங்களையும் துணைகொண்டு அது மீண்டும் உருவாக்கப்பட்டது.

அந்தக் குண்டுவீச்சு நடந்து பன்னிரண்டே ஆண்டுகளில் ஒகயாமா, அமெரிக்க நகரொன்றுடன் உறவு பூண்டது. மறுபுறம், சான் ஹோசேயின் ஜப்பானிய வம்சாவளியினரும் ஆறாத வடுக்களைச் சுமந்திருந்தனர். 1942இல் பிறப்பிக்கப்பட்ட உத்தரவொன்றின் விளைவாக, அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து சுமார் ஒரு லட்சத்து இருபதாயிரம் ஜப்பானிய வம்சாவளியினர் வெளியேற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலானோர் அமெரிக்கக் குடிமக்கள் என்பது குறிப்பிடத்தக்கது. சிறுவனாக அவ்வாறு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட நார்மன் மினெட்டா, 1971இல் சான் ஹோசேயின் மேயரானார். நகரின் விமான நிலையம் இன்று அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்தியாவின் தனிப் பாதை

சான் ஹோசேயிலிருந்து சுமார் எண்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள சான் ஃபிரான்சிஸ்கோவில்தான், 1951இல் ஜப்பானுடனான சமாதான உடன்படிக்கை கைச்சாத்தானது. அம்மாநாட்டில் இந்தியா கலந்துகொள்ளவில்லை. மாறாக, 1952இல் ஜப்பானுடன் தனியாக உடன்படிக்கை செய்துகொண்டு, போர் இழப்பீட்டு உரிமையையும் அது கைவிட்டது. மாநாட்டில் பங்கேற்ற இலங்கையின் பிரதிநிதி ஜே.ஆர். ஜயவர்தன, பகைமை பகைமையால் தணியாது என்ற புத்தரின் போதனையைச் சுட்டிக்காட்டி, தமது நாடு இழப்பீடு கோராது என அறிவித்தார். பின்னாளில் அவர் தலைமையேற்ற நாட்டிலேயே அப்போதனை எவ்வளவு தூரம் பின்பற்றப்பட்டது என்ற கேள்வி தமிழ் வாசகர்களுக்கு எழுவது இயல்பே.

இதனிடையே, 1949இல் ஜப்பானியச் சிறுவர்களின் வேண்டுகோளை ஏற்று, பிரதமர் நேரு 'இந்திரா' என்ற யானையை டோக்கியோவின் உயெனோ விலங்குக் காட்சிச்சாலைக்கு அனுப்பிவைத்தார். 1956இல் கைச்சாத்தான இந்திய, ஜப்பானியக் கலாசார ஒப்பந்தம், அடுத்த ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. சான் ஹோசேயும் ஒகயாமாவும் கைகோத்ததும் அதே 1957இல்தான்.

அரசுகள் திட்டமிடாத பரிமாற்றங்களும் நிகழ்ந்தன. 1998இல் ஜப்பானில் வெளியான ரஜினிகாந்தின் 'முத்து' திரைப்படம் அங்கு பெரும் வரவேற்பைப் பெற்றது. தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் தொடர்பு உண்டு என்ற பேராசிரியர் சுசுமு ஓனோவின் கருத்தைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. எனினும், அக்கருத்து இரு மொழியினரிடையே பரஸ்பர ஆர்வத்தைத் தூண்டியது.

சின்னங்களும் பராமரிப்பும்

நட்பின் சின்னங்களை நிறுவுவதைக் காட்டிலும், அவற்றைக் காப்பது கடினம் என்பதையும் சான் ஹோசே உணர்த்துகிறது. 2017 பிப்ரவரியில் கயோட்டி சிற்றாறு பெருக்கெடுத்தபோது, சுமார் 14 ஆயிரம் பேர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. ஜப்பானிய நட்புப் பூங்காவின் தாழ்வான பகுதிகளும் நீரில் மூழ்கின. 2023 தொடக்கத்தில், புனே நகரம் அன்பளிப்பாக வழங்கிய சத்ரபதி சிவாஜியின் சிலை, குவாடலூப்பே ஆற்றுப் பூங்காவிலிருந்து திருடப்பட்டது. சில நாட்களில் பழைய உலோகக் கிடங்கொன்றில் அது கண்டெடுக்கப்பட்டது.

சகோதர நகர உறவுகள் வெறும் சடங்குகள் என்ற விமர்சனம் நெடுங்காலமாக உண்டு. மேயர்கள் மாறும்போது ஆர்வம் குன்றுவதும், தூதுக்குழுக்களின் பயணங்களோடு உறவு முடிந்துவிடுவதும் பல நகரங்களின் அனுபவம். அவ்விமர்சனத்தில் நியாயம் இல்லாமலில்லை. இத்தகைய உறவுகளால் போர்களைத் தடுக்கவோ, வர்த்தகப் பிணக்குகளைத் தீர்க்கவோ இயலாது.

ஆயினும் அரசுகளுக்கிடையிலான நட்பு, நலன்கள் மாறும்போது மாறிவிடக்கூடியது. நகரங்களுக்கிடையிலான நட்போ, பெரிதும் தன்னார்வலர்களின் உழைப்பில் தங்கியிருக்கிறது. அதில் பங்குபெற ஒரு நாட்டின் அரசுப் பிரதிநிதியாக இருக்க வேண்டியதில்லை. பல நாடுகளில் சிதறி வாழும் தமிழர்களைப் பொறுத்தவரை, கருத்தில் கொள்ளத்தக்க அம்சம் இதுவே எனலாம். குண்டுவீச்சில் சிதைந்த ஒரு பூங்கா மீண்டும் எழுந்து, குண்டு வீசிய நாட்டின் ஒரு நகரிலும், இந்திய நகரொன்றிலும் மறுபிறவி எடுத்தமைக்குப் பின்னால், இத்தகைய மனிதர்களின் பொறுமையும் இருந்திருக்கிறது.