லே ஆஃப்

ஐ.டி. நிறுவனங்களில் வேலை போனவர்களைப் பற்றிய செய்திகளில் ‘லே ஆஃப் செய்யப்பட்டனர்’ என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது. ஆங்கிலத்தில் ‘லே’ என்றால் வை, கிடத்து. ‘ஆஃப்’ என்றால் அப்பால். இரண்டும் சேர்ந்து, வேலை குறைந்த காலத்தில் ஆளைச் சிறிது நாள் ஒதுக்கி வைப்பதைக் குறித்தன. வேலை வந்ததும் திரும்பக் கூப்பிடுவார்கள். நம் நாட்டுச் சட்டமும் இந்தப் பொருளையே எடுத்துக்கொண்டது. 2025 வரை நடைமுறையில் இருந்த, 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1953இல் சேர்த்த விளக்கப்படி, நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் தட்டுப்பாட்டாலோ இயந்திரப் பழுதாலோ வேலை தர முடியாத நிலைதான் லே ஆஃப் எனப்பட்டது. தொழிலாளியின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. தகுதியுள்ளவருக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கிடைத்தது. ஒரேயடியாக அனுப்புவதற்கு அதே சட்டத்தில் வேறு சொல் இருந்தது. அதைத் தமிழில் ஆட்குறைப்பு என்கிறோம். இன்று நிரந்தரமாக அனுப்புவதற்கும் லே ஆஃப் என்றே பெயர். அதிலும் ‘ஐ வாஸ் லெய்ட் ஆஃப்’ என்னும் செயப்பாட்டு வினையில் அனுப்பியவர் யாரென்றே தெரிவதில்லை. நம் பேச்சுத் தமிழ் நேர்மையானது: ‘வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க’ என்பதில், பெயர் இல்லாவிட்டாலும், தூக்கியவர்கள் இருக்கிறார்கள். செய்தி எழுதும் நண்பர்களே, திரும்ப அழைக்கும் எண்ணமில்லாத இடத்தில் ‘நிறுவனம் பணிநீக்கம் செய்தது’ என்றே எழுதுங்கள்.